வலப்பக்கம் ஒரு மயிரிழை

கெமியில் ஜனவரி.
வெளியே மைனஸ் இருபத்தாறு,
பிளாஸ்டிக் அப்பளமாய் நொறுங்கும்.
அதனால் ஞாயிறு இரவு ஏழரைக்கு மேல்
பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம் எனக்கு.
பேட்டரி ஸ்வெட்டருக்குள்,
விலா எலும்பை ஒட்டி,
அடைகாக்கும் முட்டை போல.

முதல் மாதம் பறக்கவேயில்லை.
சமையல் மேசையில் மூன்று சர்வோக்கள்
ஒரு தட்டைத் தாங்கி நின்றன.
எந்தக் கையாவது ஒரு பல் தள்ளி மாட்டினால்
தட்டு சாயும்.
பல் எனக்குப் புதிதல்ல.
பகலில் ஊரார் வாயில் கறை சுரண்டுகிறவள் நான்.
ஆனால் எனக்கு வேண்டிய கோணம்
எப்போதும் இரண்டு பல்லுக்கு நடுவில் இருந்தது.

குச்சி நடுவில் நின்றால்
இறக்கையின் கோணம் பூஜ்ஜியமாக வேண்டும்.
ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.
அளவி ஒன்றரை என்றது.
இணைப்புக் கம்பியை அரைச் சுற்று திருகினேன்,
முக்கால் என்றது.
இன்னொரு அரைச் சுற்று,
அடங்கியது.
காலையில் பார்த்தால் மறுபடி ஒன்று.
கோணல் மேசையில்தான் என்று தெரிய
ஒரு வாரம் ஆனது.

இறக்கை நுனிகளில் நாடா ஒட்டினேன்,
ஒன்றில் சிவப்பு, ஒன்றில் நீலம்.
சுழலவிட்டால் சிவப்பு மேலே ஓடியது, நீலம் கீழே,
ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத இருவர்.
சிவப்பைக் கொஞ்சம் தணித்தேன்.
ஒற்றைக் கோடு.
ஊதா.

காலடியில் குறுக்குக் குச்சிகள்,
நான்கு முனையிலும் பிங்பாங் பந்து.
தரையை விட்டு ஒரு சாண்,
பிறகு இடுப்பளவு.
வால் என் பக்கம் இருக்கும்வரை
நான் கெட்டிக்காரி.

மூக்கைத் திருப்பினேன்.
அதன் இடம் இப்போது என் வலம்.
பத்தொன்பது வருடம் முகத்துக்கு முகம் உட்கார்ந்து
அடுத்தவர் இடக் கடைவாயை
என் வலப்பக்கத்தில் தேடியவள்,
இதென்ன பெரிய வித்தை என்று இருந்தேன்.
கட்டைவிரலுக்கு அந்தப் படிப்பு
போய்ச் சேரவில்லை.
சுவரை நோக்கி நகர்ந்தது.
இழுத்தேன்.
வேகமாக நகர்ந்தது.
இன்னும் இழுத்தேன்.

மோட்டாரை அணைக்கும் விசை
சுட்டுவிரலுக்கு அடியிலேயே இருந்தது.
தொடவில்லை.
அதற்கான பில்:
ஒன்பது பல் உதிர்ந்த பெரிய சக்கரம்,
வளைந்த அச்சு,
சிவப்பு இறக்கை, நீல இறக்கை,
உருண்டு காணாமல் போன ஒரு பந்து.
கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் ரௌனி
துடைப்பத்தோடு வந்து நின்று
"ஒன்பதுக்குப் பூட்டணும்" என்றாள்,
வேறொன்றும் கேட்கவில்லை.

அதன்பின் இரவில் தூக்கம் தடுக்கி
பள்ளத்தில் விழுவதாய்க் கனவு வந்தால்
என் விரல் முதலில் அந்த விசையைத் தேடுகிறது.

நாலாவது காலில் ஒயின் பாட்டில் கார்க்.

பிப்ரவரி முழுக்க வேறொரு சண்டை.
அந்தரத்தில் அசையாமல் நிற்கும், சரி,
ஆனால் வலப்பக்கம் ஒரு மயிரிழை சாய்வு.
தட்டைப் பிரித்தேன், கம்பிகளை அளந்தேன்,
இம்முறை மேசைக் காலுக்கு
அட்டை கொடுத்துவிட்டு.
கடைசியில் ஓவுலுவுக்கு போன்,
இதை எனக்கு விற்ற ஹென்ரிக்கிக்கு.
கேட்டுக்கொண்டே எதையோ மென்றான்.
"வால் விசிறி அதை இடப்பக்கம் தள்ளிக்கிட்டே இருக்கு.
நேரா நின்னா போயிடும்.
போகாம நிக்குதுன்னா,
சாஞ்சுதான் நிக்குது."

நான்கு வாரம்
நோயில்லாத பல்லைக் குடைந்திருக்கிறேன்.

மார்ச். பனி அப்படியே,
வெளிச்சம் மட்டும் ஏழு மணிவரை.
ரௌனி பெஞ்சில், துடைப்பம் மடியில்.
"கோணலா நிக்குதே."
"ஆமா" என்றேன்.
மூக்கை மெல்லத் திருப்பினேன்.
அது என்னைப் பார்த்தது.
சாயும் பக்கத்துக்கே குச்சியைத் தள்ளு,
முட்டுக் கொடுப்பது போல,
என்று விரலுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.
ரௌனி சத்தமாக எண்ணினாள்.
பதினேழில் பேட்டரி கூவியது.
இறக்கினேன்,
ஒரு பக்கம் தத்தி, ஆனால் நின்றது.

சாவிக்கொத்தோடு மேலங்கிப் பையிலிருந்து
ஒரு பந்தை எடுத்து நீட்டினாள்.
"கூடைப்பந்து வலைக்குப் பின்னால கிடந்துச்சு."
"எப்போ?"
"ஜனவரி."

வாங்கிக்கொண்டேன்.
கார்க்கைக் கழற்றவில்லை.
இப்போதுதான் எடை சரியாக இருக்கிறது.